கழிவு எட்டு கிலோ

அத்தியாயம் 14

குப்பாயி வைத்திருந்த பாக்கி ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்.

சோற்றுக்கு வாங்கிய கடன் இல்லை. சீக்குக்கு வாங்கிய கடனும் இல்லை. பேச்சுக் கேட்பதற்காக வாங்கிய கடன். அதனால் மலைமேல் இருக்கும் ஆலத்தூர் நாட்டில் அந்தக் கடனைப் பற்றி யார் பேச்செடுத்தாலும், முதலில் கொஞ்சம் சிரித்துவிட்டுத்தான் பேசினார்கள்.

மிளகுத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் குழந்தைசாமியின் மகன் புதுப் போன் வாங்கினான். மூலையில் கீறல் விழுந்த அவனுடைய பழைய போனைக் குப்பாயி கேட்டு வாங்கிக்கொண்டாள். விலை இரண்டாயிரத்து ஐந்நூறு. கூலியில் பிடித்தது போக நின்றது மேலே சொன்ன தொகை.

மிளகு பறிக்கிறவளுக்கு எதற்குப் போன் என்று கேட்டால், அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் பூங்குழலி, பதினாறு வயது. பேசினால் எரிந்து விழுவாள். பேசாமல் இருந்தால் ஏன் பேசவில்லை என்று எரிந்து விழுவாள். நடுவன் தமிழ்செல்வன், ஒன்பது வயது. கேள்வி கேட்டே ஆளைச் சாய்த்துவிடுவான். கடைக்குட்டி அருளுக்கு அடுத்த மாதம் மூன்று முடிகிறது. அவன் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். திமிர் என்றார்கள் எல்லோரும்.

பூங்குழலியோடு பெரிய சண்டை நடந்த மறுநாள், செம்மேட்டு மொபைல் கடைக்காரர்தான் வழி காட்டினார். பிள்ளை வளர்க்கிறதைப் பற்றி டாக்டர்களும் டீச்சர்களும் பேசிப் பேசிப் போட்டிருக்கிறார்களாம். பாட்காஸ்ட் என்று பேராம். எந்த வயதுப் பிள்ளையோ அந்த வயதுக்குத் தேடி எடுத்துக்கொள்ளலாமாம். கை வேலையை நிறுத்தாமலே கேட்கலாமாம்.

கடைசியாகச் சொன்னதில்தான் குப்பாயி விழுந்தாள். கை வேலையை நிறுத்திவிட்டுச் செய்கிற காரியம் எதுவும் அவளுக்கு வாய்த்ததில்லை.

தமிழ் என்றால் எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவாள். போனில் அந்தப் பேச்சுகளின் பெயரெல்லாம் இங்கிலீஷில் இருந்தது. ஊருக்குள் டவரும் எடுக்காது. ஆகவே தேடி எடுக்கும் வேலை பூங்குழலி தலையில் விழுந்தது. வாரம் ஒருநாள் வாசலூர்பட்டி போட்ஹவுஸ் பக்கம் போய், பத்துப் பேச்சை இறக்கிக்கொண்டு வருவாள்.

"பெரிய புள்ளைங்களப் பத்தி எங்க கண்ணு? எல்லாம் பால்குடி மறக்காததுகளப் பத்தியே பேசுறாங்க?" என்று குப்பாயி ஒருநாள் கேட்டாள்.

"அது வரிசையாத்தான் வரும்மா. மொதல்ல சின்னதுக. பெருசுக கடைசில. நடுவுல தாண்டுனா ஒன்னும் வெளங்காது."

பள்ளிக்கூடத்துப் பாடம் மாதிரி போலிருக்கிறது என்று குப்பாயி நம்பினாள். சேலைக்கு மேல் போட்ட ஆம்பளைச் சட்டையின் பையில் போனை வைத்துக்கொண்டு, மரத்துக்கு மரம் நகர்ந்தபடி பதினெட்டுப் பேச்சைக் கேட்டு முடித்தாள். சத்தமாக வைப்பாள். தோட்டமே கேட்கும்.

'குழந்தையின் தனி அறையில் வெளிச்சம் மங்கலாக இருக்கட்டும்' என்று பேச்சு சொன்னபோது, பக்கத்து மரத்தில் பறித்துக்கொண்டிருந்த சென்னம்மாள் கையை நிறுத்தினாள்.

"எங்கூட்டுல எனக்கே தனி ரூம் இல்ல. வெளிச்சம் மட்டும் நல்லா மங்கலாத்தான் இருக்குது."

எல்லாமே ஆகாதவை என்றும் சொல்ல முடியாது. பிள்ளையிடம் 'இதைச் செய்' என்று சொல்லாதே, 'இதா அதா' என்று கேள் என்றது ஒரு பேச்சு. குப்பாயி அதைப் புருசனிடம் செய்து பார்த்தாள். "இப்பக் குளிக்கிறீங்களா, சோறு தின்னுட்டுக் குளிக்கிறீங்களா?" வெள்ளையன் இரண்டு நிமிடம் யோசித்துவிட்டுக் குளிக்கப் போனான். கல்யாணம் ஆகிப் பதினேழு வருடத்தில் அவள் ஒரு முறை சொன்னதும் அவன் குளித்தது அன்றுதான்.

பத்தொன்பதாவது பேச்சு செவ்வாய்க்கிழமை வந்தது. அதைக் கேட்டுவிட்டுக் குப்பாயி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி தூங்கவும் இல்லை.

*

புதன்கிழமை விடியற்காலை. வாசலில் பனி இன்னும் விலகவில்லை. அருள் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்து, ராகிக் களியை விரலால் குத்திக்கொண்டிருந்தான்.

குப்பாயி எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் தமிழ்செல்வன் கையில் கொடுத்தாள்.

"எதுக்கும்மா?"

"பேசாம வா. அவன் பின்னால போயி நில்லு. ஒன்ற நெழல் அவன் மேல விழக் கூடாது. நடக்கறப்பத் தரை அதிரக் கூடாது. மூச்சுக்கூட அவன் மேல படக் கூடாது."

"எதுக்கும்மா?"

"தட்டுடா சாமி."

அந்தப் பேச்சில் சொன்னது அப்படித்தான். பின்னால் நில்லுங்கள். சத்தம் மட்டும் போகட்டும், வேறு எதுவும் போகக் கூடாது. திரும்புகிறதா பாருங்கள்.

தமிழ்செல்வன் தட்டினான். கூரையில் இருந்த கோழி பறந்து போனது. படுத்திருந்த வெள்ளையன் எழுந்து உட்கார்ந்தான். பூங்குழலி போர்வைக்குள் இருந்து, "விடிஞ்சும் விடியாம என்ன எழவு சத்தம்?" என்று கத்தினாள்.

அருள் களியைக் குத்திக்கொண்டிருந்தான்.

மறுபடியும் தட்டினான். மூன்றாம் முறை ஓங்கித் தட்டியதில் கரண்டியின் காம்பு வளைந்தது. அருள் ஒரு விரலை வாயில் வைத்துச் சப்பினான்.

"அம்மா, அவன் காதுல…" என்று ஆரம்பித்த தமிழ்செல்வன் நிறுத்திக்கொண்டான். அவன் முடிக்காமல் விட்ட முதல் கேள்வி அது.

குப்பாயி அருளைத் தூக்கி முதுகில் போட்டுத் துணியால் கட்டினாள். எப்போதும் கட்டுகிற மாதிரிதான். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "அருளு" என்றாள்.

பையன் உடனே தலையைத் தூக்கி அவள் முகத்தை எட்டிப் பார்த்தான்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மூன்று வருடமாக அவன் அவள் முதுகிலேயே இருந்தான். அவள் பேசினால் முதுகு அதிரும். அந்த அதிர்வுக்குத்தான் அவன் தலையைத் தூக்கினான். அவளோ, 'என்கிட்ட மட்டும் நல்லாத்தான் கேக்கறான், மத்தவங்ககிட்டத்தான் திமிரு' என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

வெள்ளையன் பாயில் உட்கார்ந்தபடியே தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று மாலை ஏணி சரிந்தபோது, அடியில் நின்ற அருளைப் பார்த்து, "நவுருடா, நவுருடா" என்று அவன் கத்தினான். பையன் நகரவில்லை. இறங்கி வந்து முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான்.

"நேத்து நான்…" என்றான் வெள்ளையன்.

"தெரியும். எந்திரிங்க" என்றாள் குப்பாயி.

*

ஊர் நர்சம்மா வீட்டுக் கதவை அவள் தட்டியபோது மணி ஆறரை. நர்சம்மா பையன் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். அவரும் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்தார்.

"நாளைக்கு வியாழன். கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குக் காது டாக்டர் வர்றாரு. மிஷின் வெச்சுப் பாப்பாங்க. இத உட்டா அடுத்த மாசந்தான் குப்பாயி. எவ்வளவு சீக்கிரம் பாக்கறமோ அவ்வளவுக்குப் பேச்சு வரும். ஏற்கெனவே லேட்டு."

"யாரு உடறாங்க? காலையில மொத பஸ்ஸு" என்றாள் குப்பாயி.

*

பாக்கி உள்ளவர்கள் பறிப்பு முடிகிறவரை ஒருநாளும் நிற்கக் கூடாது. இது குழந்தைசாமி போட்ட சட்டம். இரண்டு வருடம் முன்னால் முன்பணம் வாங்கிக்கொண்டு நாலு பேர் கேரளாவுக்குப் பஸ் ஏறியதில் இருந்து, அவர் யாரையும் நம்புவதில்லை.

தராசுக் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மொதலாளி, நாளைக்கு எனக்கு லீவு வேணுமுங்க. பையனக் கீழ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோணும். அவனுக்குக் காது கேக்கலீங்க."

"எத்தினி நாளா?"

"பொறந்ததுல இருந்தாட்டம் தெரியுதுங்க. எங்களுக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"எந்த டாக்டரு சொன்னாரு?"

"போனுல ஒரு அம்மா சொன்னாங்க."

குழந்தைசாமி டீ சிந்தாமல் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "என்ற பையன் போனக் குடுத்தா அதுல ஆஸ்பத்திரியே நடத்துறியா புள்ள? ஏம்மா, மூணு வருசம் கேக்காம இருந்தவன் இன்னும் ரெண்டு மாசம் இருக்க மாட்டானா? பறிப்பு முடியட்டும்."

சாக்குகளை எடுக்க வந்த ஏழெட்டுப் பேர் நின்றுவிட்டார்கள். சென்னம்மாளும் நின்றாள்.

"மூணு வருசம் போனது எங்க தப்புங்க" என்றாள் குப்பாயி. "இனிமேல் ஒரு மாசம் போனா அது உங்க தப்பு. அத நீங்க சொமப்பீங்களா?"

"நான் எதுக்குச் சொமக்கறேன்? பாக்கியக் கட்டிட்டு எங்க வேணா போ. இல்லீனா போனக் கொண்டாந்து இங்க வெச்சுட்டுப் போ. ரெண்டும் இல்லாமப் போனா புருசனும் பொண்டாட்டியும் அப்படியே போயிருங்க. இந்தப் பக்கம் வரத் தேவையில்ல."

"போனக் குடுக்க மாட்டேனுங்க. அதுல கேக்க வேண்டியது இன்னும் கெடக்குது. லீவும் எடுப்பேன். பாக்கியப் பொழுது சாயறதுக்குள்ள கட்டிடறேன்."

"எதுல கட்டுவ? பறிகூலி கிலோவுக்குப் பதினாறு. நூத்திப் பதினஞ்சு கிலோ ஆவுது. ஒரே நாள்ல."

"பறிச்சுப் போடறனுங்க."

யாரோ சிரித்தார்கள். வெள்ளையன் நல்ல நாளில் ஐம்பது பறிப்பான். குப்பாயி கீழே நின்று எட்டுகிற மிளகுச் சரத்தை மட்டும் உருவி இருபது, இருபத்தைந்து பறிப்பாள். பெண்கள் ஏணி ஏறுவதில்லை. யாரும் தடுத்து எழுதி வைக்கவில்லை, ஏறுவதில்லை, அவ்வளவுதான்.

குப்பாயி சாக்குகளோடு, வெள்ளையனின் ஏணி போக அங்கே சாய்த்து வைத்திருந்த இன்னொரு ஏணியையும் எடுத்துத் தோளில் போட்டாள்.

"அது ஆம்பளைங்க ஏணிடி" என்றாள் சென்னம்மாள்.

"ஏணிக்குத் தெரியுமா அது?"

*

ஏணி என்றால் இரண்டு பக்கமும் கட்டை வைத்து நடுவில் படி போட்டது இல்லை. ஒற்றை மூங்கில். கணுவுக்குக் கணு ஒரு சாண் கிளையை விட்டு வெட்டியிருப்பார்கள். அந்தக் குச்சியில் பாதம் பாதிதான் நிற்கும். மீதிப் பாதம் காற்றில் நிற்கும்.

வெள்ளையன் மூங்கிலின் தலையை மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தோடு இரண்டு சுற்றாகக் கட்டினான். இறங்கி வந்தான்.

"கீழ பாக்காத. குச்சி மேல பாதத்தோட நடுவ வை. சரத்துக்கு எட்டலீன்னா எட்டாத. ஏணிய மாத்திக்கலாம்."

"வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"சொன்னாக் கேப்பியா?"

"மாட்டேன்."

"அப்பறம் எதுக்குச் சொல்றது?" என்றவன், அவள் முதுகில் இருந்து அருளை அவிழ்த்து இறக்கிக்கொண்டான். பையனைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். நேற்று அடித்த இடத்தை உள்ளங்கையால் தேய்த்துவிட்டான். பிறகு மரத்தடியில் விரித்த தார்ப்பாயில் அவனை உட்கார வைத்தான்.

பறித்த சரங்களை அந்தத் தார்ப்பாயில்தான் கொட்டினார்கள். கொட்டும்போது கூடவே இலை வரும், கொடியின் துண்டு வரும். குப்பாயி முதல் தடவை கொட்டிவிட்டு, அருளின் முகத்துக்கு நேரே குனிந்து, ஓர் இலையை எடுத்து ஓரமாகப் போட்டுக் காட்டினாள். இரண்டாவது இலையை எடுத்துப் போட்டுக் காட்டினாள்.

மூன்றாவது இலையை அருள் எடுத்துப் போட்டான்.

அதற்குப் பிறகு அவனுக்கு யாரும் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. கண் அப்படி வேலை செய்தது அவனுக்கு. சரங்களுக்குள் விரலை விட்டு இலை, காம்பு, சருகு என்று பொறுக்கிப் பொறுக்கித் தன் பக்கத்தில் ஒரு குவியல் வைத்துக்கொண்டான். தமிழ்செல்வனைப் பள்ளிக்கூடம் அனுப்பியாயிற்று. போகும்போது, "ஆஸ்பத்திரி மிஷின் எப்படிம்மா இருக்கும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான்.

பத்து மணிக்குக் குப்பாயியின் கெண்டைக்கால் நடுங்க ஆரம்பித்தது. பதினொன்றுக்கு நடுக்கம் நின்று மரத்துப் போனது. மரத்துப் போனது நல்லதாகப் போயிற்று.

*

பன்னிரண்டு மணி இருக்கும். கீழே பள்ளிக்கூடச் சீருடை தெரிந்தது.

"ஏன் கண்ணு வந்த? பள்ளிக்கூடம்?" மரத்தின் மேலிருந்தே கேட்டாள் குப்பாயி.

"வயித்து வலின்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"வலிக்குதா?"

"இல்ல." பூங்குழலி புத்தகப் பையைக் கழற்றாமல் நின்றாள். தார்ப்பாயில் இலை பொறுக்கும் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நான் ஒன்னு சொல்லோணும்."

"சொல்லு. கை நிக்காது எனக்கு."

"அந்தப் பேச்சு வரிசையா வரும்னு சொன்னேன்ல. பொய்யி. அதெல்லாம் வரிசையா வராது. எந்த வயசு வேணுமோ அந்த வயசத் தேடி எடுத்துக்கலாம். பதினாறு வயசுக்கு அம்பது அறுபது கெடக்குது."

மேலே சரம் உருவும் சத்தம் நின்றது.

"நீ அதக் கேட்டா என்ன வேவு பாப்பன்னு நெனச்சேன். அதான் சின்னக் கொழந்தைங்க பேச்சா எடுத்தெடுத்துக் குடுத்தேன். கேட்டுக் கேட்டுச் சலிச்சுப் போயி நீயே உட்டுருவன்னு…" தார்ப்பாயில் இருந்த தம்பியைக் காட்டினாள். "அதுலதாம்மா அருளுது வந்துருக்குது."

பிறகு மேலிருந்து ஒரு சரம் பொத்தென்று பூங்குழலியின் தோளில் விழுந்தது.

"ரெண்டு வாரமா, மூணு வயசுக்காரன மூத்திரம் போகப் பழக்குறது எப்படின்னு கேட்டுட்டிருக்கறேன்டி. உன்ன நெனச்சுக்கிட்டு."

பூங்குழலிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

"சிரிக்காத. உன்னத் திட்ட வேண்டியது நெறைய இருக்குது. இன்னிக்கு நேரமில்ல. அது பாக்கி. பைய வெச்சுட்டு சாக்க எடு. எல உழுகாமப் பறி."

பூங்குழலி மாலை வரை பறித்தாள். கீழே எட்டுகிற சரமெல்லாம் அவளுடையது. விரல் இடுக்கெல்லாம் பச்சையாகிவிட்டது.

ஒரு முறை சென்னம்மாள் அந்தப் பக்கம் வந்து, அருளின் பின்னால் நின்று, யாருக்கும் தெரியாமல் இரண்டு கையையும் ஓங்கித் தட்டினாள். அருள் இலை பொறுக்கிக்கொண்டிருந்தான். சென்னம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தன் மரத்துக்குப் போய்விட்டாள்.

*

ஐந்தரை மணிக்குத் தராசு.

நாலு சாக்கு. குழந்தைசாமி ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டினார். முப்பது. இருபத்தொன்பது. முப்பத்து மூன்று. கடைசிச் சாக்கு இருபத்தைந்து.

"நூத்திப் பதினேழு" என்று பூங்குழலி வாய்விட்டுச் சொன்னாள்.

சுற்றி நின்றவர்களிடம் ஒரு சலசலப்பு. வெள்ளையன் கால் நீட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டான். குழந்தைசாமி நோட்டில் எழுதினார்.

"நூத்திப் பதினேழு. கழிவு எட்டு. நூத்தி ஒம்பது." நிமிர்ந்து பார்த்தார். "ஆறு கிலோ கொறையுது. தொண்ணூத்தாறு ரூவா நிக்குது குப்பாயி. பரவால்ல, நல்லாத்தான் பறிச்சிருக்கீங்க. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பறிச்சீங்கன்னா தீந்துரும்."

சாக்குக்கு இரண்டு கிலோ கழிவு. இலைக்கு, காம்புக்கு என்று எல்லோரிடமும் எப்போதும் பிடிப்பது. யாரும் கேட்டதில்லை. குப்பாயியும் பன்னிரண்டு பறிப்புக் காலமாகக் கேட்டதில்லை.

"கழிவு எதுக்குங்க?"

"எதுக்கா? எலைக்கு."

குப்பாயி முதல் சாக்கின் வாயை அவிழ்த்தாள். கொட்டகையின் தார்ப்பாயில் தலைகீழாகக் கொட்டினாள். இரண்டாவதையும் கொட்டினாள். மூன்று, நாலு. பச்சைச் சரம் மேடாகக் குவிந்தது.

"எங்கீங்க எல? எடுத்துக் காட்டுங்க."

"ஏம்புள்ள, பொழுது போற நேரத்துல…"

"எறங்கித் தேடுங்க. இருக்கறத எடுத்து வெய்யுங்க. அதுக்குப் புடிச்சுக்கலாம்."

குழந்தைசாமி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நின்ற பெண்கள் இரண்டு பேர் குனிந்து சரத்தைக் கிளறினார்கள். கையில் ஒன்றும் வரவில்லை.

குப்பாயி இடுப்பில் செருகியிருந்த பாலித்தீன் பையை எடுத்தாள். அதைத் தராசுக் கொக்கியில் தானே மாட்டினாள்.

"இதுதானுங்க இன்னிக்கு வந்த கழிவு. மொத்தமும். காது கேக்காத பையன் ஒக்காந்து பொறுக்குனது. எத்தினின்னு படிங்க."

தராசின் சிவப்பு எண் கொஞ்சம் ஆடி நின்றது. குழந்தைசாமி படிக்கவில்லை. பூங்குழலி படித்தாள்.

"ஒன்னே கால் கிலோ. அதையும் நாங்க எடுத்துட்டுத்தான் சாக்குல போட்டிருக்கறோம்."

"வழக்கம்னு ஒன்னு இருக்குது…" என்றார் குழந்தைசாமி.

"வழக்கமாப் பொம்பளைங்க ஏணியும் ஏற மாட்டாங்க" என்று பின்னால் இருந்து குரல் வந்தது. சென்னம்மாள். அவள் தன் சாக்கை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். வாயை அவிழ்த்தாள். "என்றதையும் கொட்டறேன். என்றதுல எல இருக்குது, இல்லீங்கல. இருக்கறது எவ்வளவோ அவ்வளவு மட்டும் புடிங்க. நானும் எடை பாக்கறேன்."

அவளுக்குப் பின்னால் இன்னொரு சாக்கு அவிழும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

குழந்தைசாமி கணக்குப் போடத் தெரிந்தவர். நாற்பது பேர் சாக்கைக் கொட்டினால் ராத்திரி பத்து மணி ஆகும். கீழே லாரி ஏழு மணிக்குப் புறப்படுகிறது. அவர் பேனாவை எடுத்தார். எட்டை அடித்தார். நூற்றி ஒன்பதை அடித்தார்.

"நூத்திப் பதினேழு. ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்திரெண்டு. போன் பாக்கி தீந்துச்சு. போதுமா?"

"முப்பத்திரெண்டு ரூவா நீங்க தரோணும்" என்றாள் குப்பாயி.

ஒரு இருபது, ஒரு பத்து, ஒரு இரண்டு ரூபாய் நாணயம். அவர் மேசையில் வைத்தார். குப்பாயி எடுத்துக்கொண்டாள். பாக்கிக் கணக்கின் மேல் கோடு போடுகிறவரை நகராமல் நின்றாள். கோடு போட்டதும், பூங்குழலியை எட்டிப் பார்க்கச் சொல்லி உறுதி செய்துகொண்டாள்.

"நாளைக்கு எனக்கு லீவுங்க" என்றாள்.

அவள் கேட்கவில்லை, சொன்னாள், அவ்வளவுதான். கொட்டகையை விட்டு வரும்போது, அங்கே சென்னம்மாளின் சாக்கு தராசில் ஏறிக்கொண்டிருந்தது.

*

வீட்டுக்குப் போகும் ஏற்றத்தில் வெள்ளையன் இரண்டு ஏணியையும் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். அருள் குப்பாயியின் முதுகில் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் கால் ஒவ்வொன்றும் ஒரு மூட்டை கனத்தது.

பூங்குழலி கூடவே நடந்தாள். போன் அவள் கையில் இருந்தது. இப்போது அது யாருக்கும் பாக்கி இல்லாத போன்.

"அம்மா, நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்கு வரலாமா?"

"பள்ளிக்கூடம் போ. இன்னிக்கு வயித்து வலி சொன்னது போதும்."

பத்தடி நடந்தார்கள்.

"இதுல ஒரு பேச்சு இருக்குதும்மா" என்றாள் பூங்குழலி. "பதினாறு வயசுக்கானது. உனக்குத் தெரியாம எறக்கி வெச்சிருந்தேன். உனக்குக் குடுக்கறதுக்கு முன்னால நான் கேட்டுப் பாக்கலாம்னு கேட்டேன். பாதிக்கு மேல கேக்க முடியல."

"ஏன்?"

"அதுல சொல்றது எல்லாம் என்னப் பத்திச் சொல்ற மாதிரியே இருக்குது."

குப்பாயி நின்றாள். மகள் முகத்தைப் பார்த்தாள். இருட்டு கூடிக்கொண்டிருந்ததால் முழுசாகத் தெரியவில்லை. என்னத்தடி மறைக்கிற, போட்ஹவுஸுல யாரு, என்ன நடந்துச்சு என்று பத்துக் கேள்வி வாய் வரைக்கும் வந்தது. அத்தனையையும் விழுங்கினாள். ஏணியில் நின்றதைவிட அது கஷ்டமாக இருந்தது.

"நாளைக்கு பஸ்ஸுல கேளு" என்றாள் பூங்குழலி. "நான் கூட இல்லாதப்பக் கேளு. கேட்டுட்டு ஊட்டுக்கு வா. அப்பறமா நான் சொல்றேன்."

"செரி."

"எதுக்கும்மா நிக்கற? திட்டப் போறியா? மத்தியானம் சொன்னியே, பாக்கி இருக்குதுன்னு."

குப்பாயி போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். ஏற்றத்தில் அடுத்த அடியை எடுத்து வைத்தாள்.

"அது தள்ளுபடி" என்றாள், சத்தமாக.

முதுகில் தூங்கிக்கொண்டிருந்த அருள் தலையைத் தூக்கி, அவள் முகத்தை எட்டிப் பார்த்தான்.